மிதிவெடி மேல் கிடப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்த இரவு

நான் இலங்கையின் வடக்கே முகமாலையில் ஆறு ஆண்டுகள் மிதிவெடி அகற்றும் வேலை செய்தவள். இப்போது திருகோணமலையில், அன்புவழிபுரத்தில், வீட்டோடு தையல் தைக்கிறேன். யுத்தப் படங்களை நான் தேடிப் பார்ப்பதில்லை. அவற்றில் மிதிவெடி என்றால் ஒரு கால், ஒரு சத்தம், ஒரு புகை. கால் போனவனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கதை திரும்பிப் பார்ப்பதே இல்லை. ‘நோ மேன்ஸ் லாண்ட்’ என்ற போஸ்னியப் படம் அப்படிப்பட்டது அல்ல. அதில் ஒருவன் மிதிவெடி மேல் மல்லாந்து கிடக்கிறான். படம் தொடங்கிச் சற்று நேரத்தில் கிடத்தப்பட்டவன், படம் முடியும்போதும் அங்கேயே கிடக்கிறான்.

இந்தப் படத்தை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை பளையில், நாங்கள் தங்கியிருந்த வீட்டில், ஒரு மடிக்கணினியைச் சுற்றி ஐந்து பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோம். அன்று பாதியில் இருவர் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த நாள் விடியற்காலையில் வேலைக்கு இறங்க வேண்டும், இதைப் பார்த்துவிட்டு எப்படி இறங்குவது என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம். இரண்டாம் முறை போன மார்கழியில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், அம்மாவோடு பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்து வாசிக்க வராது. ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் சொன்னேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான படம், எங்களுக்கு மூன்று மணித்தியாலம் எடுத்தது. அப்படிப் பார்த்ததால்தான் முதல் முறை தவறவிட்ட பலவற்றைக் கண்டேன்.

படம் 2001இல் வந்தது. எழுதி இயக்கியவர் டானிஸ் டனோவிச். இசையும் அவருடையதே. போஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்தபோது போஸ்னிய இராணுவத்துக்காகக் கமெராவைத் தூக்கிக்கொண்டு முன்னரங்குகளில் படம் பிடித்தவர். இது அவருடைய முதல் முழுநீளக் கதைப்படம் என்றால் நம்ப முடியவில்லை. கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது கிடைத்தது. 2002 மார்ச்சில் பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காரும் கிடைத்தது. அந்த வருடம் இந்தியாவின் ‘லகான்’ போட்டியில் தோற்றது இந்தப் படத்திடம்தான். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. ‘லகான்’ தோற்றுவிட்டது என்று எங்கள் வகுப்பில் கவலைப்பட்டோம், வென்ற படம் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதற்கு முந்திய மாதம் 22ஆம் திகதிதான் நம் நாட்டில் யுத்த நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. இனி எல்லாம் சரிவரும் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மிதிவெடி மேல் கிடக்கும் ஒருவனைப் பற்றிய படத்தை அப்போது யார் காட்டியிருந்தாலும் பார்த்திருக்க மாட்டோம்.

கதை போஸ்னிய யுத்தத்தின் நடுவே, 1993இல் நடக்கிறது. காவல் மாற வந்த போஸ்னியப் படையினர் சிலர் இரவு மூடுபனியில் வழி தவறுகிறார்கள். பனி விலகி விடியும்போது எதிரிப் பக்கமான சேர்பியரின் முன்னரங்குக்கு நேர் எதிரே நிற்கிறார்கள். வேட்டுகள் பாய்கின்றன. உயிர் தப்பிய சிக்கி என்ற போஸ்னியன், இரு தரப்புக்கும் நடுவிலுள்ள கைவிடப்பட்ட பதுங்குகுழிக்குள் விழுகிறான். படத்தின் பெயரை நம் பத்திரிகைகளின் வழக்கப்படி ‘சூனியப் பிரதேசம்’ என்று சொன்னவுடன் அம்மா தலையாட்டினார். அந்தச் சொல்லை நம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பதுங்குகுழியைப் பார்த்து வர சேர்பியர் இருவரை அனுப்புகிறார்கள். ஒருவன் வயதில் மூத்தவன், யுத்தத்தில் ஊறியவன். மற்றவன் நினோ, புதியவன். செத்துக் கிடக்கும் ஒரு போஸ்னியனின் உடலுக்கு அடியில் மூத்தவன் ஒரு துள்ளு மிதிவெடியை, மேலே எகிறி வெடிப்பதை, புதைக்கிறான். உடலை எடுக்க வருகிறவர்கள் கூட்டமாகச் சாகட்டும் என்பது எண்ணம். ஒளிந்திருந்த சிக்கி சுடுகிறான். மூத்தவன் சாகிறான், நினோ காயப்படுகிறான். அதற்குப் பிறகுதான் செத்தவன் கண் விழிக்கிறான். அவன் பெயர் செரா. அவன் சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தான். முதுகை உயர்த்தினால் அவனோடு பக்கத்தில் நிற்கிற எல்லோரும் போவார்கள். மிதிவெடியை வைத்தவனோ செத்துவிட்டான்.

இந்த இடத்தில் என் தொழில் குறுக்கே வருகிறது, சொல்லிவிட வேண்டும். நான் கையால் தொட்ட மிதிவெடிகள் எல்லாம் மிதித்தவுடன் வெடிப்பவை. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஏறத்தாழ 30 கிராம் வெடிமருந்து. அது யாருக்கும் அவகாசம் தராது. ‘காலை எடுத்தால்தான் வெடிக்கும்’ என்று படங்களில் காட்டி, அதை நம்பிய பிள்ளைகளை நான் சந்தித்திருக்கிறேன். மிதிவெடி விழிப்பூட்டலுக்குப் பள்ளிக்கூடங்களுக்குப் போனால், காலை எடுக்காமல் நின்றால் தப்பலாம்தானே அக்கா என்று யாராவது ஒரு பையன் கட்டாயம் கேட்பான். இல்லை தம்பி, தப்ப முடியாது. தூக்கினால் வெடிக்கும்படி பொறி வைப்பதும் உண்டு, எங்கள் பயிற்சியிலும் அதைச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அது தனியாகச் செய்து வைக்கும் வேலை. படத்தில் மூத்தவன் செய்வது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இந்த ஒரு விடயத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிச் சிரிப்புக்கு வருகிறேன். ஆம், இது சிரிக்க வைக்கும் படம். அம்மா சிரித்தார். சம்பூரில் இருந்து 2006இல் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் பல வருடங்களைக் கழித்த என் அம்மா, ஒரு யுத்தப் படத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அது இந்த இடத்தில்: சிக்கியும் நினோவும் யார் யுத்தத்தைத் தொடங்கியது என்று சண்டை பிடிக்கிறார்கள். நீங்கள்தான், இல்லை நீங்கள்தான், எங்கள் ஊரை எரித்தது யார், எங்கள் ஊரை எரித்தது யார். பேசிப் பேசி முடிவு வராதபோது சிக்கி துப்பாக்கியை நீட்டி, யார் தொடங்கியது சொல் என்று கேட்கிறான். நாங்கள்தான் என்கிறான் நினோ. பிறகு துப்பாக்கி கை மாறுகிறது. அதே கேள்வி, அதே குரல், அதே அடக்கம். இம்முறை நாங்கள்தான் என்று சொல்லிக்கொண்டிருப்பவன் சிக்கி.

அம்மா சிரித்து முடித்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “மகளே, இதையெல்லாம் அங்கேயும் பேசியிருக்கிறார்களா?” என்று கேட்டார். முகாமில் தண்ணீர் பவுசர் வரும்வரை வரிசையில் நின்ற ஆண்கள் தினமும் பேசியது இதையேதான். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் முதல் கல், யார் முதல் வெடி. அவர்கள் பேசியது பொய் என்று நான் சொல்லவில்லை. எரிந்த வீடு எரிந்த வீடுதான். இந்தப் படமும் அதை மறுக்கவில்லை, யுத்தத்தில் எல்லோரும் சமம் என்று பூசி மெழுகவும் இல்லை. ஆனால் அந்த இருவரும் கத்திக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் பக்கத்தில் செரா கிடக்கிறான். இயக்குநர் இடைக்கிடை அவன் முகத்துக்குப் போகிறார். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் முகம் வந்துவிடுகிறது. படம் ஓரிடத்திலும் அவனைப் பார்த்துச் சிரிக்க வைக்கவில்லை. மற்ற எல்லோரையும் பார்த்துச் சிரிக்கலாம், அவனைப் பார்த்து முடியாது. இந்த வரம்பைக் கடைசிவரை மீறாமல் காத்ததற்காகவே டனோவிச்சை நான் மதிக்கிறேன்.

இன்னொரு காட்சி. உதவி வேண்டும், ஆனால் வெளியே தலை காட்டினால் இரு பக்கமும் சுடும். அதனால் சிக்கியும் நினோவும் சீருடையைக் கழற்றிவிட்டு, உள்ளாடையோடு மேட்டில் ஏறி நின்று வெள்ளைத் துணியை ஆட்டுகிறார்கள். இரு முன்னரங்குகளிலும் தொலைநோக்கியால் பார்க்கிறார்கள். அது நம்மவனா, அவர்களவனா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திரையரங்கில் பார்த்தால் சனம் கைதட்டிச் சிரிக்கும் இடம் இது. எனக்கு முகமாலை வந்துவிட்டது.

முகமாலையில் 2000க்குப் பிறகு எட்டு ஆண்டுகளுக்கு மேல் இரு தரப்பு முன்னரங்குகளும் எதிரெதிரே இருந்தன. நாங்கள் வேலை செய்தது அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவிலும் அவற்றின் மேலும். மொட்டைப் பனைகள், உதிர்ந்த மண்மூட்டைகள், இடிந்து தூர்ந்த பதுங்குகுழிகள். ஆளுக்கு ஒரு மீற்றர் அகலப் பாதை. பாதுகாப்பு அங்கி, முகத்தை மூடிய கண்ணாடிக் கவசம், அதற்குள் சொட்டும் வியர்வை. முழங்காலில் இருந்து மண்ணை மேலிருந்து தோண்டாமல், பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வர வேண்டும். ஒரு நாள் முழுக்க வேலை செய்தாலும் சில நாட்களில் ஒரு பாயளவு நிலம்தான் முடியும். ஒருமுறை சுரண்டிக்கொண்டு போகையில் ஒரு தண்ணீர்ப் போத்தலும் ஒரு பல்துலக்கியும் வந்தன. சற்றுத் தள்ளி எலும்பு. வேலையை நிறுத்தி, மேற்பார்வையாளரை அழைத்து, உரியவர்களுக்கு அறிவித்துவிட்டு, மர நிழலில் காத்திருந்தோம். அந்தப் பல்துலக்கி நீல நிறம். தூரிகை ஒரு பக்கம் தேய்ந்து வளைந்திருந்தது. என் தம்பியும் அப்படித்தான் ஒரே பக்கமாக அழுத்தித் துலக்குவான். எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று அன்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

படத்தில் வரும் அயல்நாட்டார் பகுதிக்கு இவ்வளவு இடம் தர எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் படம் சற்றுத் தளர்வது அங்கேதான். நீலத் தலைக்கவசம் அணிந்த ஐ.நா. படையினர் வருகிறார்கள். அவர்களைப் பார்த்து அந்த ஊரார் வைத்திருக்கும் பட்டப்பெயர், சிறுவர் சித்திரக் கதையில் வரும் நீலக் குள்ளர்களின் பெயர். பிரெஞ்சு சார்ஜன்ட் மார்ஷாண் மட்டும் மனச்சாட்சி உள்ளவன், மேலிடத்துக் கட்டளையை மீறி வந்து உதவ முயல்கிறான். அவனுக்கு மேலே உள்ள கர்னல், குளிரூட்டிய அறையில் தன் பெண் செயலாளரோடு இருக்கும் ஆளாகக் காட்டப்படுகிறார். அது மலிவான கேலியாகப் பட்டது. அப்படிப்பட்ட அதிகாரிகள் உண்மையில் நல்ல உடை உடுத்தி, மரியாதையாகப் பேசி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். அதைக் காட்டியிருந்தால் இன்னும் வலித்திருக்கும். செய்தியாளராக வரும் கத்ரின் கார்ட்லிட்ஜ் நன்றாக நடித்திருக்கிறார். படம் ஒஸ்கார் வாங்கிய அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். ஆனால் செய்தியாளர்களை எல்லாம் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் பார்வை எனக்கு உடன்பாடில்லை. நம் பக்கத்தில் செய்தி எழுதியதற்காகவே உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சிறிய காட்சியை மட்டும் இந்தப் பகுதியில் விட முடியாது. முன்னரங்கில் ஒரு போஸ்னியப் படையினன் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறான். தலையைத் தூக்கி, ருவாண்டாவில் நிலைமை மிக மோசம் என்று மெய்யாகவே கவலைப்படுகிறான். அம்மா இதற்குச் சிரிக்கவில்லை. முகாமில் இருந்தபோது வானொலியில் வேறு நாட்டுப் பூகம்பச் செய்தி கேட்டு அம்மாவும் பக்கத்துக் கொட்டில் ஆச்சியும் அழுதது எனக்கு நினைவிருக்கிறது. தகரத்துக்குக் கீழே இருந்துகொண்டு, வீடிழந்த இன்னொருவருக்காக அழுதார்கள்.

மிதிவெடி அகற்றுநர் வரும் காட்சிதான் இந்தப் படத்தின் உச்சம் என்பது என் முடிவு. ஜெர்மனியர் ஒருவர் வருகிறார். எல்லோரும் அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். நான் அவர் கைகளையே பார்த்தேன். அந்த நிதானமும் பக்கத்தில் போய்ப் பார்க்கும் விதமும் எனக்குப் பழக்கமானவை. பார்த்து முடித்ததும் முகத்தில் ஒரு மாற்றம். செயலிழக்கச் செய்ய முடியாது. இதைச் சொல்ல அவர் எழுந்து வரும் அந்தச் சில அடிகள் இருக்கின்றனவே, அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டேன். அம்மாவுக்குச் சொல்வதற்காக நிறுத்தவில்லை. எங்கள் வேலையில் கிடைத்ததை எடுப்போம், எடுக்க முடியாததை இருந்த இடத்திலேயே வைத்து வெடிக்க வைப்போம். அதன் மேல் மனிதன் கிடந்தால் என்ன செய்வது என்ற பாடம் எங்களுக்கு யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக முடிகிறது. இரத்தத்தை அள்ளித் தெளிக்கும் படம் அல்ல இது. சுடுவது சில தடவைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் எதிர்பாராமல் வருகிறது. வெயில், பச்சைப் புல், குருவிச் சத்தம், நடுவில் ஒரு வேட்டு. சிக்கியும் நினோவும் என்ன ஆகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். செராவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. அவனைக் காப்பாற்றிவிட்டதாகச் செய்தியாளர்களுக்குக் காட்ட ஒரு தூக்குபடுக்கை போகிறது. வாகனங்கள் போகின்றன. பதுங்குகுழியைப் படம் பிடிக்கவா என்று கமெராக்காரன் கேட்க, வேண்டாம் என்கிறார் செய்தியாளர். கமெரா மேலே மேலே எழுகிறது. கீழே அவன் சிறிதாகிக்கொண்டே போகிறான். இருட்டுகிறது.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கின. வெளியே மழை தகரத்தில் விழும் சத்தம். அம்மா, “பிறகு யாரும் வரவில்லையா?” என்று கேட்டார். அவ்வளவுதான் அம்மா, படம் முடிந்துவிட்டது என்றேன். “படம் முடியட்டும். அந்தப் பிள்ளையிடம் பிறகு யாரும் போகவில்லையா?” என்று மறுபடி கேட்டார். நான் மடிக்கணினியை மூடினேன். அன்று இரவு அம்மா நெடுநேரம் தூங்கவில்லை. பாயில் திரும்பித் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கை எழுதப்பட்டது 1997இல். இலங்கை அதில் சேர்ந்தது 2017 டிசம்பரில். அந்தச் செய்தி வந்த நாளில் எங்கள் அணியில் ஒருத்தி ஒரு பெட்டி கேக் வாங்கி வந்தாள். அவள் கந்தளாய்க்காரி, சிங்களப் பெண், அணியின் முதலுதவிப் பணியாளர். எனக்குக் கால் போனால் ஓடி வந்து கட்டுப்போட வேண்டியவள் அவள்தான். படத்தில் சிக்கியும் நினோவும் ஓரிடத்தில், தாங்கள் இருவருமே பன்யா லூக்கா நகரத்துப் பெண் ஒருத்தியை அறிந்தவர்கள் என்று கண்டுபிடித்து, ஒரு நிமிடம் பழைய நண்பர்களைப் போலச் சிரித்துப் பேசுவார்கள். எங்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க அவளை அவள் அப்பாவும் என்னை என் அப்பாவும் ஒவ்வொரு ஜனவரியிலும் கூட்டிப்போனது திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கடைக்கு. முதலாளி சப்பாத்தின் முன்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, அடுத்த வருடத்துக்கும் போதும் என்று எங்கள் இருவருக்கும் சொல்லியிருக்கிறார், அவளுக்குச் சிங்களத்தில், எனக்குத் தமிழில்.

அவள் இந்தப் படத்தைப் பார்க்கவில்லை. பளையில் அன்று எழுந்து போன இருவரில் ஒருத்தி அவள். அடுத்த போயா விடுமுறைக்குக் கந்தளாய்க்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மடிக்கணினியையும் கொண்டுபோகிறேன். கடைசிவரை இருந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.